வெப்சைட்டா, செஞ்சிக் கோட்டையா?

போன மாதம் ஒரு பத்திரிகையில் என் கட்டுரை வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை. முழுசாக ஒரு பக்கம், என் பெயரோடு, தலைப்பில் எழுத்துப் பிழை இல்லாமல்! இந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவருவது என்னைப் போன்ற ஃப்ரீலான்ஸ் ஆசாமிக்கு வைகுண்ட ஏகாதசி மாதிரி, வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

விடுவேனா? அந்தப் பக்கத்தை செல்போனில் படம் பிடித்து, தெரிந்தவர், தெரியாதவர், கடன் வாங்கிவிட்டு நான் ஒளிந்து திரிகிறவர் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். சிங்கவரத்தில் இருக்கிற சித்தப்பா மகனுக்கும் போயிற்று. ராத்திரி போன் போட்டேன்.

"படிச்சியாடா?"

"படிச்சேண்ணா."

"எப்படி இருந்தது?"

"ரொம்பச் சுருக்கமா எழுதியிருந்தே. 'இமேஜ்'. ஒரே வார்த்தை. ஆனா அழுத்தமா இருந்துச்சு."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவனுக்குக் கண் தெரியாது. சின்ன வயசிலிருந்தே தெரியாது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு கம்பங்கொல்லை வரப்பில் நடந்தவன் நான். அவன் போன் எழுத்தைப் படித்துக் காட்டும், எழுத்தின் போட்டோவைப் படிக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பியிருக்கிறேன். பி.காம். படித்த மூளைக்கு வரவு தெரிகிற அளவுக்குப் பற்று தெரிவதில்லை!

"ஸாரிடா" என்றேன்.

"பரவால்லண்ணா. கவர்ன்மென்ட்டே அப்படித்தான் அனுப்புது. நீ என்ன பண்ணுவே!"

அந்த 'பரவால்ல' ஒரு வாரம் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை திண்டிவனத்தில் பஸ் மாறி செஞ்சிக்குப் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சிங்கவரம் போய் இறங்கினேன்.

பேசும் போனும் பஸ்ஸில் போன மானமும்

சிங்கவரம் தெரியாதவர்களுக்கு: செஞ்சிக்கு வடக்கே, கூப்பிடு தூரம். குன்றின் மேலே பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில். பாறையைக் குடைந்து, பாறையிலேயே ரங்கநாதரைப் படுக்க வைத்திருக்கிறார்கள். ராஜா தேசிங்கு கும்பிட்ட சாமி. 1714-ல் ஆற்காட்டு நவாபோடு சண்டைக்குக் கிளம்பும் முன் தேசிங்கு உத்தரவு கேட்க வந்தானாம். 'போகாதே' என்று சொல்கிற மாதிரி ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவன் கேட்கவில்லை, போனான், திரும்பவில்லை. இது ஊர்க்கதை.

நான் போனபோது தம்பி திண்ணையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். திரை கறுப்பு. ஒரு குரல் மட்டும் கடகடவென்று ஓடியது. ஆகாசவாணி மாநிலச் செய்தியை மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டினால் எப்படியிருக்கும், அப்படி.

"என்னடா இது, ஒண்ணும் புரியலையே?"

"உனக்குக் கண்ணு வேகமாப் போவுது இல்ல, எனக்குக் காது வேகமாப் போவுது."

அதற்குப் பெயர் 'டாக்பேக்'. ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறீர்களா? உங்களிடமும் அநேகமாக இருக்கும். செட்டிங்ஸில், நாம் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில். அதைப் போட்டுவிட்டால் விரல் படுகிற இடத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும். வலது பக்கம் தள்ளினால் அடுத்த விஷயம். இரண்டு தட்டு தட்டினால் திறக்கும்.

'நானும் பார்க்கிறேன்' என்று ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் போனில் அதைப் போட்டேன். அணைக்கத் தெரியவில்லை! அந்த நேரம் பார்த்து பாங்கிலிருந்து மெசேஜ். 'உங்கள் கணக்கில் இருப்பு இருநூற்றுப் பதினான்கு ரூபாய்' என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தது. முன் சீட்டுப் பெரியவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கருணை சொட்டியது.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் எனக்கு அது ஒரு நாள். அவனுக்கு எப்படி என்பதை அடுத்து சொல்கிறேன்.

பட்டன்... பட்டன்... பட்டன்...

திண்ணையில் அவன் எனக்கு ஒரு டெமோ காட்டினான். ஏதோ ஒரு ஆப். பெயர் வேண்டாம். விரலைத் தள்ளினான்.

"பட்டன்."

இன்னொரு தள்ளு. "பட்டன்."

இன்னொரு தள்ளு. "பட்டன்."

"என்னடா, தையற்கடை மாதிரி?"

"இதுல ஒண்ணு பணம் அனுப்பறது, ஒண்ணு அழிக்கிறது, ஒண்ணு வெளியே போறது. எது எதுன்னு நீயே சொல்லு பார்ப்போம்."

எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. ஒன்றில் அம்பு, ஒன்றில் குப்பைத் தொட்டி, ஒன்றில் கதவு. படம் போட்டவர் அந்தப் படத்துக்குப் பின்னால் 'அனுப்பு', 'அழி', 'வெளியேறு' என்று ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான் பாக்கி. அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடித்த புண்ணியவானால் என் தம்பி குருட்டாம்போக்கில் தட்ட வேண்டியிருக்கிறது. (இந்த வார்த்தையை நான் சொன்னபோது அவன்தான் முதலில் சிரித்தான்.)

அடுத்தது தமிழ். இங்கேதான் நம் ஊர் விசேஷம் வருகிறது.

யூனிகோடில் அடித்த தமிழ் என்றால் போன் அழகாகத் தமிழாகவே படிக்கும். 'பாமினி' போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்ததென்றால் தொலைந்தது. பாமினியில் தெரிவது தமிழ். உள்ளே உட்கார்ந்திருப்பது இங்கிலீஷ் எழுத்து, மேலே தமிழ்ச் சட்டை! நம் கண்ணுக்குச் சட்டை தெரியும். படிக்கிற கருவிக்கு உள்ளே இருக்கிற ஆள்தான் தெரியும். பாமினியில் 'அம்மா' என்று அடித்திருந்தால் கருவிக்குக் கிடைப்பது 'எம், கே, செமிகோலன், கே, எச்'. 'தமிழ்' என்றால் 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்'. பெற்ற தாயை செமிகோலனோடு கூப்பிடுகிற நிலைமை உலகத்தில் யாருக்கு வரும், சொல்லுங்கள்!

தமிழுக்கு யூனிகோட்தான் என்று தமிழக அரசு 2010-லேயே, கோவை செம்மொழி மாநாட்டையொட்டி ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் பழைய ஃபான்ட் இன்னும் பல டி.டி.பி. சென்டர்களில் சிரஞ்சீவியாக இருக்கிறது.

மூன்றாவது, நம் ஆபீஸ்களின் குலதெய்வமான ஸ்கேன். கம்ப்யூட்டரில் அழகாக டைப் அடிப்போம். அதைப் பிரின்ட் எடுப்போம். கையெழுத்து, வட்டமாய் ரப்பர் ஸ்டாம்ப். பிறகு அதை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி மெயிலில் அனுப்புவோம். எழுத்தாக இருந்ததைப் படமாக்கி அனுப்புகிற இந்தக் காரியத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டுமானால், சுட்ட இட்லியை மறுபடி மாவாக்க முயல்வது என்று வைக்கலாம். தம்பியின் கருவி அந்தப் பக்கத்துக்கு வந்தால் மௌனம். காலிப் பக்கம். என் கட்டுரை அவனுக்கு 'இமேஜ்' ஆனது இப்படித்தான்.

ராத்திரி பதினொன்று நாற்பது

அந்த சனிக்கிழமை ராத்திரிதான் அவன் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள். எம்.ஏ., பி.எட். படித்தவன். ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறான். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும்.

"செஞ்சியில பிரவுசிங் சென்டர் போனா போட்டுக் குடுப்பாங்க. ஆனா பாஸ்வேர்டு சொல்லணும். ஓ.டி.பி. சொல்லணும். ஆதார், ஜாதி, மார்க்கு எல்லாம் சத்தமா சொல்லணும். என் பாஸ்வேர்டு செஞ்சி டவுனுக்கே தெரியும்ணா. இந்தத் தடவை நானே போடறேன்."

சித்தி போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு உட்கார்ந்தான், பழைய லேப்டாப்போடு. நான் பக்கத்தில். 'வாயைத் திறக்கக்கூடாது' என்று எனக்கு உத்தரவு.

பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் வேகமாக முடித்தான். நான் அடிப்பதைவிட வேகம்! பிறந்த தேதிக்கு வந்தபோது சிக்கல். காலண்டரில் மவுஸால் சொடுக்க வேண்டும். கீபோர்டில் நகரவில்லை. அரை மணி நேரம் போராடி ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். போட்டோ ஏற்றினான். 'சமர்ப்பி' என்று தட்டினான். பதில் வந்தது: 'சிவப்பு நிறத்தில் உள்ள கட்டங்களைச் சரிசெய்யவும்.'

சிவப்பு! பார்வையற்றவரிடம்!

ஒவ்வொரு கட்டமாகத் திரும்ப நடந்து, தப்பு பின்கோடில் என்று பிடித்தான். அதற்குள் நேரம் தாண்டிவிட்டது என்று தளம் அவனை வெளியே தள்ளிவிட்டது. திரும்ப முதலிலிருந்து. இப்படி மூன்று முறை. மணி பதினொன்றரை. கடைசியில் ஒரு படம் வந்தது. கோணல்மாணலாய் ஆறு எழுத்து, மேலே கோடு கிறுக்கி. 'நீங்கள் மனிதர்தானா என்று நிரூபிக்க இதைப் பார்த்து அடிக்கவும்.' கேப்சா. காதால் கேட்டு அடிக்கிற மாற்று வழி அந்தப் பக்கத்தில் இல்லை.

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"அண்ணா... நான் மனுஷன்தானான்னு நீதான் சொல்லணும் போல இருக்கு."

நான் ஆறு எழுத்தையும் அடித்தேன். பதினொன்று நாற்பதுக்கு விண்ணப்பம் போயிற்று. நான் 'அப்பாடா' என்றேன். அவன் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தேங்க்ஸ்ணா" என்றான். "வேலை கிடைச்சா தினம் ஆபீஸுக்கு வந்து கேப்சா அடிச்சுக் குடுப்பியா?"

மூன்றரை மணி நேரத்தில் அவனுக்குத் தடங்கலாக இருந்தது அவன் கண் இல்லை, அந்தப் பக்கம்தான். தேசிங்குக்கு ரங்கநாதர் ஒரே ஒரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வெப்சைட்டுகள் தினமும் திருப்பிக்கொள்கின்றன!

பைக் ரேஸ்காரர் செய்த காரியம்

மறுநாள் காலையில் மலைக்கோயிலுக்குப் போனோம். படியை எண்ணிக்கொண்டு அவன் முன்னால் ஏறினான். மூச்சு வாங்கிக்கொண்டு நான் பின்னால்.

"படி ஒண்ணு உயரம், ஒண்ணு குட்டைன்னு இருந்தாலும் பரவால்லண்ணா. நேத்து இருந்த எடத்துலயே இன்னிக்கும் இருக்கும். வெப்சைட்ல நேத்து இருந்த பட்டன் இன்னிக்கு இருக்காது."

மேலே நின்று பார்த்தால் செஞ்சிக் கோட்டை தெரிகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பன்னிரண்டு மராட்டியர் காலக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். ராஜகிரி உச்சிக்குப் போக வேண்டுமானால் வாசலுக்கு மேல் வாசல், நடுவில் ஒரு பாதாளப் பிளவு, அதன் மேல் பாலம். 1690-ல் முற்றுகை போட்ட முகலாயப் படைக்கு உள்ளே நுழைய 1698 ஆயிற்று.

கோட்டையை அப்படித்தான் கட்ட வேண்டும். ஏனென்றால் அது எதிரிக்காகக் கட்டியது. ரேஷன் கார்டுக்கும், ரயில் டிக்கெட்டுக்கும், பாங்குக்கும், வேலைக்கும் கட்டுகிற வெப்சைட் எந்த எதிரிக்காக? சொந்த ஜனங்களுக்கு எதிராக எதற்கு அகழி?

'எல்லோருக்கும் சரிப்படுத்த முடியுமா சார், செலவாகுமே' என்பார்கள். இப்படிச் சொன்னவர்கள் ஏற்கெனவே ஒருமுறை மாட்டியிருக்கிறார்கள். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸ். அதன் வெப்சைட்டைத் தன்னால் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மகுவையர் என்ற பார்வையற்றவர் 1999-ல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்தார். படங்களுக்கு விளக்க வரி இல்லை, போட்டி முடிவுகளைப் படிக்க வழியில்லை என்பது புகார். ஏகப்பட்ட செலவு, ஏகப்பட்ட நாள் ஆகும் என்று போட்டி அமைப்புக் குழு வாதாடியது. ஆணையம் ஏற்கவில்லை. கடைசியில் குழு அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடு கொடுக்கும்படி ஆயிற்று.

கருவிகளைக் கண்டுபிடித்ததும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களேதான். டெட் ஹென்டர் என்று ஒரு அமெரிக்கர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978-ல் ஒரு கார் விபத்தில் பார்வை போயிற்று. பைக் போனால் என்ன என்று கம்ப்யூட்டர் புரோகிராம் கற்றுக்கொண்டார். 1989-ல் அவர் கம்பெனி வெளியிட்டதுதான் 'ஜாஸ்', திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள். ஆனால் விலை கொள்ளை. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற இளைஞர் 'என்.வி.டி.ஏ.' என்று ஒன்றை எழுத ஆரம்பித்தார். நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்குமே பார்வை கிடையாது. அதை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். தம்பியின் லேப்டாப்பில் பேசுவது அதுதான்.

நம்மவர்களும் குறைந்தவர்கள் இல்லை. புனேயில் பிறந்த டி.வி.ராமனுக்குப் பதினான்கு வயதில் பார்வை போயிற்று. மும்பை ஐ.ஐ.டி., பிறகு அமெரிக்காவில் கார்னெல். 1994-ல் அங்கே அவர் வாங்கிய டாக்டர் பட்டம், கணக்குச் சமன்பாடுகளைக் காதுக்குப் புரிகிற மாதிரி வாசிக்கும் ஒரு கருவிக்காக. அதற்குத் தன் வழிகாட்டி நாயின் பெயரை வைத்தார்: 'ஆஸ்டர்'. பிறகு கூகுளில் ஆராய்ச்சியாளர் ஆனார். சென்னைப் பெண் பெனோ ஜெபைன், முழுக்கப் பார்வையற்றவர்களில் முதல் ஆளாக 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அவர் பரீட்சைக்குப் படித்தது அந்த பைக் ரேஸ்காரரின் 'ஜாஸ்' வழியாக!

ஆக, ஆள் தயார், கருவியும் தயார். தயாராக இல்லாதது பக்கம்தான்.

கண் சிமிட்டச் சொன்ன பாங்க்

'இதற்கெல்லாம் சட்டம் கிடையாதா?' என்று கேட்கிறீர்கள். பேஷாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அச்சோ, ஒலியோ, மின்னணுவோ, எந்த ஊடகத்தில் வருகிற விஷயமும் அவர்களுக்கு எட்டுகிற வடிவில் இருக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அதன் 42-வது பிரிவு. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அப்புறம் 5 லட்சம் வரை அபராதம்.

பிறகு ஏன் ஆமை வேகம்? சட்டம் 'செய்தே தீரவேண்டும்' என்றது. அதை ஒட்டி 2017-ல் எழுதிய விதி 'செய்தால் நல்லது' என்கிற தோரணையில் இருந்தது. நம் ஊரில் 'செய்தால் நல்லது' என்றால் யார் செய்வார்கள்? 2024 நவம்பர் 8-ம் தேதி, ராஜீவ் ரதூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்த விதியைச் செல்லாது என்று சொல்லி, கட்டாயமான தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது.

அடுத்த வருஷமே இன்னொரு தீர்ப்பு. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர் பிரக்யா பிரசூன். பாங்கில் கணக்குத் தொடங்கப் போனார். 'நீங்கள் உயிரோடு இருப்பவர்தான் என்று காட்ட, கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டுங்கள்' என்றது கம்ப்யூட்டர். சிமிட்ட முடியாத ஒருவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் இதே பிரச்னைக்காக மனுப் போட்டிருந்தார். 2025 ஏப்ரல் 30-ம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் தீர்ப்பளித்தார்கள். டிஜிட்டல் சேவை எட்டுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லி, கண் சிமிட்டலுக்கு மாற்று வழி உட்பட 20 கட்டளைகள் போட்டார்கள்.

எத்தனை பேருக்காக இத்தனை அமர்க்களம் என்று கேட்பீர்களானால், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம். அந்தக் கணக்கில் சேராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்புரை வந்த அப்பா. கை நடுங்குகிற தாத்தா. பைக்கிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டோடு இருக்கிற நீங்கள்!

வெளிநாட்டில் எல்லாம் பிரமாதம் என்றும் நினைக்க வேண்டாம். 'வெப்எய்ம்' என்ற அமெரிக்க அமைப்பு வருஷா வருஷம் பத்து லட்சம் வெப்சைட்டுகளின் முதல் பக்கத்தைச் சோதிக்கிறது. 2025-ல் 94.8 சதவீதப் பக்கங்களில் குறை. முதலிடம் எதற்குத் தெரியுமா? பின்னணியோடு கலந்து மங்கிப்போகிற எழுத்துக்கு. வெள்ளைத் தாளில் இளஞ்சாம்பல் எழுத்து. வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று நீங்களும் நானும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறோமே, அதே எழுத்து.

நாளைக்கு ஆபீஸில் நீங்கள் செய்யக்கூடியது

1999-லேயே இதற்கு உலகப் பொது விதிகள் எழுதிவிட்டார்கள். 2023-ல் கடைசியாகப் புதுப்பித்தார்கள். எல்லாவற்றையும் பிழிந்தால் நாலு சொட்டு: உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிய வேண்டும், எந்தக் கருவியிலும் ஓட வேண்டும். 'நான் கிளார்க், வெப்சைட் செய்கிறவன் இல்லையே' என்று நழுவ வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து தம்பி சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்ட பட்டியல் இதோ:

ஒன்று: டைப் அடித்ததை ஸ்கேன் செய்யாதீர்கள். வேர்டிலிருந்து நேராக பி.டி.எஃப். ஆக்குங்கள். ஸ்டாம்ப் இல்லாமல் முடியாது என்றால் இரண்டையும் அனுப்புங்கள்.

இரண்டு: தமிழை யூனிகோடில் அடியுங்கள். அம்மாவை அம்மாவாகவே இருக்கவிடுங்கள்.

மூன்று: படம் போட்டால் அது என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். 'படம்' என்று எழுதுவது விளக்கம் ஆகாது. 'ஏப்ரலில் விற்பனை இரட்டிப்பானதைக் காட்டும் வரைபடம்' என்று எழுதினால்தான் விளக்கம்.

நான்கு: தலைப்பை வெறுமனே பெரிசாக்கிக் கறுப்படிக்காமல், வேர்டில் இருக்கும் தலைப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். நாம் கண்ணை ஓட்டித் தலைப்புகளைத் தாவுகிற மாதிரி, கருவியும் தலைப்பு தலைப்பாகத் தாவும். இல்லாவிட்டால் நாற்பது பக்க சர்க்குலரை முதல் வரியிலிருந்து கேட்க வேண்டும். நமக்கே அது தண்டனை.

ஐந்து: நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். 'சிவப்புக் கட்டம்' என்பதோடு 'பின்கோடு தவறு' என்றும் சொல்லுங்கள். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களில் ஆண்களே அதிகம். உங்கள் மேனேஜரே ஒருவராக இருக்கலாம்! எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் நாலரைக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது உலக விதி.

ஆறு: வீடியோ போட்டால் கீழே எழுத்தும் போடுங்கள். காது கேளாதவருக்காக. ஆபீஸில் சத்தம் இல்லாமல் வீடியோ பார்க்கிற உங்களுக்காகவும்தான். (எனக்குத் தெரியும் சார்!)

ஏழு: வெப்சைட் செய்கிறவர் உங்கள் நண்பரா? அவருடைய மவுஸைப் பிடுங்கி டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். 'டேப்' கீயை மட்டும் தட்டி, அவர் செய்த படிவத்தை அவரே நிரப்பட்டும். ஐந்து நிமிஷம் போதும். வியர்த்துவிடும்.

இதில் ஒன்றுக்காவது பெரிய பட்ஜெட் வேண்டுமா? கடைசியில் ஒட்டுப்போடுவதற்குத்தான் செலவு. வீட்டைக் கட்டும்போதே சாய்தளம் வைத்தால் நாலு மூட்டை சிமென்ட். கட்டி முடித்து இடித்து வைத்தால்தான் வீட்டுக்காரர் தலையில் கை. அந்தச் சாய்தளத்தில் சக்கர நாற்காலி மட்டுமா போகிறது? கேஸ் சிலிண்டர்காரரும் அதில்தான் உருட்டிக்கொண்டு வருகிறார்.

விரலுக்குத் தெரிந்த எழுத்து

கோயிலிலிருந்து இறங்கி, திருநாதர்குன்றுக்குப் போனோம். சமணர் குன்று. ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு பழைய கல்வெட்டு. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நினைவாக வெட்டியது. தமிழில் 'ஐ' என்ற எழுத்து முதன்முதலாகக் காணக் கிடைக்கிற கல்வெட்டு என்று இதைச் சொல்கிறார்கள்.

தம்பியை அதன் பக்கத்தில் உட்கார வைத்தேன். மெதுவாக விரலை வைத்தான். பள்ளம், வளைவு, கோடு. பள்ளிக்கூடத்தில் பிரெய்ல் புள்ளிகளைத் தடவிப் பழகிய விரல்.

"இது எழுத்துதாண்ணா" என்றான். "என்ன எழுத்துன்னு தெரியல. ஆனா எழுத்துன்னு தெரியுது."

ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் உளி பிடித்த ஆளுக்கு என் தம்பியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவர் எழுத்து இவன் விரலுக்கு எட்டிவிட்டது. கையில் இத்தனை டெக்னாலஜி வைத்துக்கொண்டு நான் அனுப்பியது எட்டவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, பத்திரிகையில் வந்த அந்தக் கட்டுரையை உட்கார்ந்து முழுசாக யூனிகோடில் அடித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. தம்பிக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. ராத்திரி நானே போன் போட்டேன்.

"படிச்சியாடா?"

"படிச்சேண்ணா. முழுசா."

"எப்படி?"

கொஞ்சம் தயங்கினான்.

"ஆரம்பம் நல்லா இருந்துச்சு. நடுவுல இழுத்துட்டே. கடைசி பாரா சுத்த போர்."

இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல விமர்சனம் இதுதான்!